அஞ்சலைக்கு அம்மன் வராத வருஷம்

அஞ்சலைக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஆக்லாந்திலிருக்கும் மகள் விஷாலி முயற்சி செய்து, புருஷன் பெண்சாதி இருவருக்கும் நியூசிலாந்து விசா வந்துவிட்டது. அதைவிடப் பெரிய சந்தோஷம், விமானம் ஏறுவது தீமிதிக்குப் பிறகுதான்.

போன வருஷம் மே மாதம் தீவுத் தலைநகரான சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்தபோது, பஸ் ஓட்டிப் போன புருஷன் யோகேந்திரா அங்கேயே மாட்டிக்கொண்டான். கடைகள் எரிந்தன. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தீவின் மறுகோடியில் நமாகாவில் ஓட்டல் சீருடை தைத்துக்கொண்டிருந்த அஞ்சலை மெஷினை அப்படியே விட்டுவிட்டு, அவரை முழுசாகக் கொண்டுவந்து விடு தாயே, உன் தீக்குழியில் இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மனுஷன் சட்டைப் பொத்தான்கூட அறுந்துபோகாமல் வந்து நின்றான். வேண்டுதலைத் தீர்க்காமல் கடல் தாண்டினால் அவள் அஞ்சலையா?

குறுக்கே நின்றது முடக்குவாதம். மூட்டெல்லாம் வீங்கும் அந்த வியாதிக்கு வருஷக்கணக்காக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தின்று வருகிறாள். கோயிலில் காப்பு கட்டிவிட்டால் அங்கேயே தங்கல், உப்பில்லாத சாப்பாடு. மாத்திரைக்கு அங்கே ஏது இடம்? அதனால் மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டர் உஷாவிடம் போய், காப்புக்கு முன்னாலேயே பலமான சுயி ஒன்று போட்டு அனுப்பச் சொன்னாள். ஊசியை அங்கே எல்லாரும் சுயி என்றுதான் சொல்வார்கள்.

இதற்கு முன் காப்பு கட்டியபோது மாத்திரைக்கு என்ன செய்தீர்கள் என்று உஷா கேட்டாள். கேட்டதுதான் தாமதம், அஞ்சலைக்கு முகமெல்லாம் பூரிப்பு. போன வருஷம் மாத்திரையை அடியோடு நிறுத்தினாளாம். குழிக்குப் போகும் வழியிலேயே அம்மன் வந்து இறங்கிவிட்டாளாம். கை கால் ஜில்லென்று ஆகி, வேர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, கண் இருண்டு விழுந்தாளாம். ஜனங்கள் உடுக்கையடித்துக் கும்பிட, தீ மிதிக்காமலேயே சாமியாகிவிட்டாளாம். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றியதை மட்டும் சுருக்கமாகச் சொல்லி முடித்தாள்.

உஷா அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது அம்மன் இல்லம்மா. வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டதால உங்க உடம்பு சொந்தமா அந்த ஸ்டீராய்டச் சுரக்கிறத மறந்துடுச்சு. திடீர்னு நிறுத்தினதும் ரத்த அழுத்தம் விழுந்திருக்கு. செத்துப்போயிருப்பீங்க."

அஞ்சலைக்குச் சுருக்கென்றது. ஊரே கும்பிட்ட ஒரு நாளை இந்தப் பெண் இப்படிப் பிடுங்கிக்கொள்கிறதே என்று கோபமும் வந்தது. ஆனால் தீ மிதிக்கிற ஆசை கோபத்தைவிடப் பெரியது. சரி, வழி சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள்.

உஷா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். முழங்காலுக்குள்ளேயே போடும் ஊசி அந்த மூட்டின் வீக்கத்தை நன்றாக வாங்கிவிடும், ஆனால் உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டுக்கு அதை நம்பியிருக்க முடியாது. டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு பார்க்கப் பொடி மாத்திரை, வேலையில் ராட்சசன். சர்க்கரையை ஏற்றிவிடும், அதையும் தினமும்தான் விழுங்கவேண்டும். இடுப்பில் போடுகிற ஊசி மெதுவாகக் கரைந்து சில வாரம் தாங்கும். ஆனால் போட்ட பிறகு திருப்பி எடுக்க முடியாது, புண் பட்டால் ஆறவும் நாளாகும். பழைய மாத்திரையோ தேவைக்குக் கூட்டலாம், குறைக்கலாம். இருப்பதில் அதுதான் நல்லது.

"அம்மனுக்குக் காப்பு கட்டிக்கிட்டு எப்படி டாக்டரம்மா மாத்திரை தின்றது?"

பூசாரியையே கேட்டுவிடலாம் என்று உஷா எழுந்துவிட்டாள். கோயிலில் பூசாரி வெங்கடசாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு இடுப்பு மடிப்பைப் பிரித்து, அதில் முடிந்து வைத்திருந்த சர்க்கரை மாத்திரைகளைக் காட்டினார்.

"நான் காப்பு கட்டின நாளெல்லாம் இத முழுங்கிட்டுத்தான் பூசை பண்றேன். தவாய், மருந்து கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னது அஞ்சலை?"

யாரும் சொல்லவில்லை. அவளாகவே கட்டிக்கொண்ட விரதம் அது. அஞ்சலைக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அப்புறம் தினமும் காலையில் பூசாரியே அவளுக்குத் திருநீறு பூசி, பாலும் மாத்திரையும் கொடுத்தார். தீமிதி அன்று டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கூடுதலாக.

உடுக்கை முழங்க, மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக அஞ்சலை இறங்கினாள். அடேயப்பா, என்ன நடை! கங்கு தெரிந்தது, சூடு தெரிந்தது, எதிர்க்கரையில் வாய்விட்டு அழுதுகொண்டு நிற்கும் யோகேந்திராவும் தெரிந்தான். ஓடவில்லை, தள்ளாடவில்லை. நேராக நடந்து கரையேறினாள். அங்கே காத்திருந்த உஷா அவள் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தலையசைத்தாள்.

சுற்றி நின்ற பெண்களுக்குத்தான் ஏமாற்றம். அருள் வரும், காலில் விழலாம் என்று காத்திருந்தார்கள். யோகேந்திராவும் கலங்கிப்போனான். அவனுக்காக வேண்டிய வேண்டுதல் அல்லவா?

"இந்த வருஷம் அம்மன் வரலியா அஞ்சலை?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வரலீங்க. நானேதான் வந்தேன்."