கூரைக்கு அடியில் வெளிச்சம்

ஊரில் அவரைக் 'கம்பம்' என்றுதான் சொல்வார்கள். முன்பு ஒரு நிலக்காரர் தன் வயலை வரையச் சொல்லிவிட்டு, குறுக்கே நிற்கும் மின்கம்பத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். "கரண்ட் ஆபீஸ்ல சொல்லி எடுக்கச் சொல்லுங்க. அவங்க எடுத்த மறுநாள் நானும் எடுத்துடறேன்" என்றார் இவர். படம் கைவிட்டுப் போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

கண்ணில் படாததை வரைய மாட்டார். பட்டதை விடவும் மாட்டார். பகலில் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதுவது பிழைப்பு. பொழுது சாய்ந்தால் ஊருக்கு வெளியே குட்டைக்கரை. குட்டையை ஒட்டித் தகரக் கூரை போட்ட பம்புசெட் அறை, அதைத் தாண்டி வாய்க்கால், வயல். பல வருடங்களாக அதே இடம். ஒரு படத்துக்கு ஒரே வெளிச்சம் என்பது அவர் சட்டம். அறையின் நிழல் வாய்க்காலைத் தொட்டதும் தூரிகையை வைத்துவிடுவார். அதற்குப் பிறகு வருவது வேறு வெளிச்சம், வேறு படம். மனைவியின் தம்பி வண்டியில் வந்து கூட்டிப்போவான்.

அந்தத் தம்பியும் வரைய ஆரம்பித்ததுதான் தொல்லை. விளம்பர பேனர் அடிக்கும் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். விடுமுறைக்கு விடுமுறை தூரிகை பிடிப்பவன். ஊரில் புதிதாக வந்த மருத்துவமனைக்காரர் இவரிடம் கேட்டதையே அவனிடமும் கேட்டிருந்தார்.

"காத்திருக்கிற கூடத்துல ஒரே ஒரு படம் மாட்டப்போறேன். அமைதியா ஒரு வயல். ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க, பார்த்து எடுத்துக்கறேன்."

இரண்டு பேரும். அந்தச் சொல் சோற்றில் கல்லாகக் கடிபட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மைத்துனன் அறைக்குப் போனார். படம் சன்னலோரம் சாய்த்து வைத்திருந்தது. அதே குட்டை, அதே அறை. தகரக் கூரை முன்பக்கம் இறங்கியிருக்கும் இடத்தில், அடிப்புறம் முழுக்க மெல்லிய பொன்னிறம். இவர் எப்போதும் கருப்பும் பழுப்பும் குழைத்துப் பூசும் இடம் அது. அங்கிருந்து வெளிச்சம் படம் பூராவும் பரவியிருந்தது. பார்க்கும்போதே மூச்சு மெதுவாயிற்று. அதை உணர்ந்ததும் இவருக்கு வயிறு எரிந்தது.

பிறகு தப்பைக் கண்டுபிடித்தார். அப்பாடா என்றிருந்தது.

"ஏம்பா, சூரியன் மேலே இருக்கா, கீழே இருக்கா?"

"என்ன மாமா?"

"கூரைக்கு அடியில வெளிச்சம் அடிக்குதே. உள்ளே யாராவது பல்பு போட்டாங்களா?"

மைத்துனன் படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது மாமா."

"பேனர்ல வேணும்னா தெரியும். தெரிஞ்சவங்க பார்த்தா சிரிப்பாங்க. இருட்டாக்கிடு."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மனைவி கேட்டாள். "என்ன, என் தம்பி படம் நல்லா வந்துடுச்சா?"

"யார் சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுதே. தார் பூசின மாதிரி."

மறுநாள் மாலை தன் படத்தில் வரப்பைச் சரிசெய்யக் குட்டைக்கரைக்குப் போனார். நிழல் வாய்க்காலைத் தொட்டது. பெட்டியைக் கட்டினார். வண்டி வரவில்லை. கூரையை இருட்டாக்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது உள்ளுக்குள் இனித்தது. வேறு வேலையில்லாமல் பெட்டி மேல் உட்கார்ந்து அறையைப் பார்த்தார்.

சூரியன் இன்னும் கொஞ்சம் இறங்கியது. குட்டைத் தண்ணீரில் பட்ட வெயில் மேலே எழும்பித் தகரத்தின் அடிப்புறத்தில் ஏறியது. முதலில் ஒரு கீற்று. பிறகு அடிப்புறம் முழுக்கப் பொன்னிறம், தண்ணீரோடு சேர்ந்து லேசாக அசைந்தபடி.

எழுந்து நின்றார். கை தானாகப் பெட்டியைத் திறந்து மஞ்சளைத் தேடியது. நாலு இழுப்பு போதும். ஆனால் அவர் படத்தில் நிழல் வாய்க்காலைத் தொட்டு நிற்கிறது. அந்த நேரத்தில் இந்த வெளிச்சம் கிடையாது. அவர் சட்டமே அவர் கையைப் பிடித்துக்கொண்டது. பெட்டியை அறைந்து மூடினார்.

நடந்தே மைத்துனன் அறைக்கு வந்தார். கூரையின் அடிப்புறம் கரியாக இருந்தது. படம் செத்துப் போயிருந்தது. இப்படியே விட்டால் நாளை கூடத்துச் சுவர் இவருக்குத்தான். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"அடியில இருக்கிற பெயிண்ட் காய்ஞ்சதா?"

"அது காய்ஞ்சு ஒரு மாசம் ஆச்சு மாமா. மேல பூசினதுதான் ஈரம்."

"அப்ப துணியில டர்பண்டைன் தொட்டுத் துடைச்சிடு. அந்த இருட்டு ரொம்பக் கனமா இருக்கு."

மைத்துனன் சிரித்தான். "குட்டைக்குப் போய்ப் பார்த்தீங்களா?"

"சும்மா அந்தப் பக்கம் போனேன்."

அவன் துடைக்கத் துடைக்கப் பொன்னிறம் திரும்பி வந்தது. "உங்களைக் கூட்டிட்டுப் போக வருவேன்ல, அப்பல்லாம் பார்ப்பேன். நீங்க குனிஞ்சு பெட்டி கட்டிட்டு இருப்பீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி நடக்கும்."

"ஏன்டா ஒரு நாள் கூடச் சொல்லல?"

"நீங்க பார்க்காமலா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

எந்தப் படம் சுவரேறும் என்பது இவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூலை மட்டும் இன்னும் கருப்பாக இருந்தது. துணியை அவன் கையிலிருந்து பிடுங்கி அதைத் தானே துடைத்தார். கருப்பு போயிற்று. பொன்னிறம் தெரிந்தது. கை நிற்கவில்லை.

"மாமா, மெதுவா. அடியில இருக்கிறதும் போயிடும்."

இன்னும் ஒரு தரம் தேய்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.