ஏரிப் பக்கத்து வேலியில் ஒரு படல்

எண்பதுகளின் கடைசியில் செம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு தனியாக நின்றது. கணவர் இறந்த பிறகு அதில் நான் மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆளில்லை. அதற்காகவே இரண்டு ஆடுகள் வாங்கினேன். ஆடு பதில் பேசாது, கூப்பிட்டால் திரும்பியாவது பார்க்கும்.

கோடையில் ஏரி வறண்டதும் நாய்கள் கூட்டமாகக் கரையேறின. கரைமேல் குடியிருந்த ஓர் அக்காவின் ஆட்டுக்குட்டியைக் கிழித்துப் போட்டன. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா? மற்ற பக்கங்களில் சுவர் இருந்தது. ஏரிப் பக்கம் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முள்வேலி போட்டேன். நாய்கள் நின்றன. மனிதர்களும் நின்றுபோனார்கள். கரைமேல் இருந்தவர்கள் என் மனை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார்கள். போகிறபோக்கில் "சாப்பிட்டாச்சா டீச்சர்?" என்பார்கள். அந்த ஒரு கேள்வி இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னா டீச்சர், வேலியப் போட்டுகினு உள்ளயே குந்திகினா எப்டி?" என்றார் அக்கா, வெளியே நின்றபடி.

அந்த வாரமே வேலியில் வழி விட்டு, முள் கட்டிய படல் ஒன்று வைத்தேன். கடைசியாகப் போகிறவர் சாத்த வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பேச்சுச் சத்தம் திரும்பி வந்தது.

ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து, கரைக்காரர்கள் எல்லோரும் என் வீட்டில் காபி குடித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பிறகு இரண்டிரண்டு பேராகக் கிளம்பினார்கள். பின்னால் ஆள் வருகிறதே என்று ஒவ்வொருவரும் படலைத் திறந்தே விட்டுப் போனார்கள். கடைசிக் குடும்பமோ உறவினர் வீட்டுக்குப் போக, ரோட்டுப் பக்கம் பஸ் ஏறிவிட்டது.

நான் சந்தோஷமாகத் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடுவதற்குள் செவலை ஆடு செத்துக் கிடந்தது. கறுப்பு ஆடு துவைக்கிற கல்மேல் ஏறி நடுங்கியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"பட்லே வேணாம் டீச்சர், முள்ளப் போட்டு அடச்சிடலாம்" என்றார் அக்கா.

"வேண்டாம்க்கா. இந்த ஆட்டை நீங்க ஓட்டிட்டுப் போங்க. வழி இருக்கட்டும்."

படலைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். வழி திறந்தே கிடந்தது. ஆனால் என் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அவர்கள் எல்லோரும் ஏரியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். சாயங்காலங்களில் நான் வாசற்படியில் உட்கார்ந்து அந்த வழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். நாய்கள் மட்டும் வந்து போயின.