தைலம்மாள் தண்ணீர் குடித்த நாள்

கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு கொட்டை உடைக்க உட்கார்ந்துவிட்டால் தைலம்மாளின் வாய் ஓயாது. முந்திரித்தோலின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல்கள் வெந்து கருத்திருக்கின்றன. ரேஷன் கடை மிஷினில் ரேகை விழுவதில்லை. "கவர்மெண்டுக்கே நான் யாருன்னு தெரியல தம்பி, நீ ஏன் என்னைய மொறைக்கிற?" என்று சூப்பர்வைசர் ஸ்ரீதரைச் சீண்டுவாள்.

அண்ணாகிராமத்துப் பக்கம் இருக்கும் அந்த முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைப்போர் எல்லாம் பெண்கள். அப்போது கழிப்பறை மட்டும் கிடையாது. பகலில் தோப்புக்குள் ஒதுங்க முடியாது என்பதால், காலையிலிருந்து ஒருத்தியும் தொண்டையை நனைக்க மாட்டாள். நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல், இடுப்புவலி. கூட உடைத்துக்கொண்டிருந்த ராஜாமணிக்கு நாற்பது வயதுக்குள் சிறுநீரகம் போனது. பிறகு உயிரும் போனது. விதி என்றார்கள். ராஜாமணியின் தலையில் எவனும் எதையும் எழுதவில்லை. நாலு சுவருக்கான செங்கல்லை மிச்சம் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் அதே கதிதான் என்று கடலூர் ஆஸ்பத்திரியில் தைலம்மாளையும் எச்சரித்தார்கள். "குடிக்கிறேன் டாக்டரம்மா. எங்க போயி ஒக்கார்றதுன்னும் சீட்டுல எழுதிக் குடுங்க," என்றாள்.

பெண்கள் முதலாளியிடம் கழிப்பறை கேட்டார்கள். "வாஸ்து எடம் குடுக்கலம்மா," என்றார் அவர்.

"ஒங்க வாஸ்துக்கு ஒண்ணுக்கே வராதா மொதலாளி?" என்றாள் தைலம்மாள்.

வேலையை நிறுத்தினால் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். தைலம்மாள் வேறு வழி கண்டுபிடித்தாள். மறுநாள் காலை எல்லாப் பெண்களும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். அப்புறம் கொட்டை காயப்போடும் களத்தை ஒட்டியிருந்த முதலாளி வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். "அவசரம்மா, செத்த உள்ள வுடுங்க!" உள்ளே முதலாளியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள். முதலாளியின் மனைவி கதவைச் சாத்தினார். வரிசை கலையவில்லை. திறந்து ஒவ்வொருத்தியாக உள்ளே விட்டார். உச்சிவேளைக்குள் புருஷன் பக்கம் திரும்பினார்: "கக்கூஸக் கட்டிக் குடுத்துத் தொலைங்க. இல்லன்னா நானும் அவுங்களோட போயி நிக்கிறேன்."

மறுவாரமே கடைக்கால் தோண்டினார்கள். இன்று களத்தோரம் குழாயும் வெளிச்சமுமாக இரண்டு கழிப்பறைகள் நிற்கின்றன. வாஸ்து இதுவரை யாரையும் கடிக்கவில்லை.

திறந்த அன்றைக்கே ஸ்ரீதர் கதவுகளில் வெளிப்பூட்டுத் தொங்கவிட்டான். "கேட்டா தொறந்து வுடுறேன்க்கா. ஜாஸ்தி டைம் வேஸ்ட் ஆவக் கூடாதுல்ல?"

"உள்ளாற தாப்பா இருக்குது. அது போதும் தம்பி."

தைலம்மாள் அவன் விரலிலிருந்து சாவியை உருவினாள். இரண்டு பூட்டுகளையும் கழற்றினாள். முந்திரித்தோல் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்த வறுக்கும் அடுப்புக்குள் அவற்றைச் சாவியோடு வீசினாள்.