வெடியுப்பும் நெல்லிச்சாறும்

அக்கா பன்றியைக் கொல்லும்போது நான் அதன் பின்னங்கால்களை இறுக்கிப் பிடித்திருப்பேன். கோடாரியின் பின்பக்கத்தால் நெற்றியில் ஓர் அடி. உடனே கழுத்தில் கத்தி. ஒட்டுசுட்டானில் எங்கள் கொட்டிலில் இறைச்சியை உப்பில் ஊறவைத்து, புகைபோட்டு, வவுனியாவில் ஒரு கடைக்கு அனுப்பிவந்தோம். நிறம் சிவப்பாக நிற்பதற்காக அக்கா வெடியுப்பைக் கைநிறைய அள்ளிப் போடுவாள். மிஞ்சியதைப் பொரித்து, பள்ளிக்குப் போகும் தன் மகளுக்கும் கட்டிக் கொடுப்பாள்.

வவுனியாவில் உணவு பதனிடும் வகுப்பொன்றுக்குப் போனபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. வெடியுப்பு என்பது நைட்ரேட், அது கூடினால், பொரிக்கும் சூட்டில் இறைச்சியில் நைட்ரோசமைன் உண்டாகும், அது புற்றுநோயைத் தரக்கூடியது என்றார்கள். அதை அடியோடு போடாமல் விட்டாலோ நஞ்சுக் கிருமி வளரும். அளந்து போட்டு, நெல்லி, கொய்யா இலை போன்றவற்றின் சாற்றைச் சேர்த்தால் நைட்ரோசமைன் உண்டாவது குறையுமாம்.

“உன்ர வகுப்பு இறைச்சியைச் சிவக்க வைக்குமோ?” என்று கேட்டுவிட்டு அக்கா இன்னொரு கை அள்ளினாள்.

அவள் கிளிநொச்சிக்குப் போய் நின்ற இரண்டு நாளில், வெடியுப்பை அளந்து போட்டு, இரும்புத் தாச்சியில் நெல்லிச்சாறு காய்ச்சி ஊற்றினேன். இறைச்சி கறுத்துப் போனது. புகையில் சரியாகும் என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.

அக்கா திரும்பிவந்த அன்று மத்தியானமே கடைக்காரர் வந்து, ஒரு துண்டைத் தூக்கி அக்காவின் முகத்தில் எறிந்தார்.

“செத்த பண்டியை உரிச்சே அனுப்பினியள்?”

அக்காவின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. அவள் கோடாரியை எடுத்தாள். அவர் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து ஏறி ஓட, பின்விளக்குத்தான் நொறுங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“என்னத்தைப் போட்டனீ?”

“நெல்லிச்சாறு.”

“ஆரைக் கேட்டு?”

“கேக்காமத்தான் போட்டனான்.”

கோடாரியை எறிந்துவிட்டு, வெறும் வாளியால் என் வாயில் அடித்தாள். பல் உடைந்தது. நான் அவளுடைய தலைமயிரைப் பிடித்துத் தூணில் மோதினேன், தோளைக் கடித்தேன். வாயில் இருந்தது யாருடைய இரத்தம் என்று தெரியவில்லை. அவள் என் கையைப் புகையடுப்பின் தகரத்தில் அமுக்கினாள். தோல் பொசுங்கும் மணம் வந்ததும் அவளே பதறிப்போய் இழுத்தெடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள்தான் ஏற்றிப்போனாள்.

“அடுப்பிலை விழுந்திட்டாள்,” என்றாள். நானும், “ஓம்,” என்றேன்.

ஒரு மாதம் பேச்சில்லை. ஒருநாள் குசினிக்குள் கூப்பிட்டு இரண்டு சட்டிகளைக் காட்டினாள். மண்சட்டியில் காய்ச்சிய நெல்லிச்சாறு வெளிறியிருந்தது. தாச்சியில் இருந்தது மை மாதிரி.

“நெல்லியிலை பிழையில்லை. இரும்புதான் கறுக்கப் பண்ணினது.”

“நீயே பாத்தனீ?”

“உனக்கு மட்டுந்தான் மூளையோ?”

அடுத்த முறை மண்சட்டியில் காய்ச்சினோம். வகுப்பு நடத்தியவர்கள் அந்த இறைச்சியையும் பழைய முறையில் செய்ததையும் சோதித்துப் பார்த்தார்கள். நைட்ரோசமைன் முன்பிருந்ததைவிடக் குறைவு, ஆனால் முற்றாக இல்லாமல் போகவில்லை என்றார்கள். வவுனியாக் கடைக்காரர் திரும்ப வரவேயில்லை. இப்போது கிளிநொச்சியில் ஒரு கடை, நிறம் மங்கல் என்று முணுமுணுத்தபடி எங்கள் இறைச்சியை எடுக்கிறது.

கைப்புண் ஆறும்வரை அக்காதான் என் தலையை வாரிக் கட்டிவிட்டாள். பேசாதிருந்த மாதத்திலும் அது ஒருநாள்கூடத் தவறவில்லை. மன்னிப்பை மட்டும் அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.