கோமதி அக்காவின் தட்டு

ஆறிப்போன கேழ்வரகுக் களியை மொச்சைக் குழம்பில் புரட்டி விழுங்கினால் தொண்டையில் கல் மாதிரி இறங்கும். எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் என் பங்கைத் தின்று முடித்து, என் அக்கா கோமதியின் பங்கையும் அப்படித்தான் விழுங்கினேன்.

காரிமங்கலம் பக்கம் மழையை நம்பி விதைக்கும் காடு எங்களுடையது. அக்காவுக்கு நீச்சல்கூடத் தெரியாது. உயரத்தையும் கை நீளத்தையும் அளந்து பார்த்தே துடுப்புப் படகுப் போட்டிக்கென்று சென்னை விளையாட்டு விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். மூன்றே வருஷத்தில் மாநில சாம்பியன். சந்தை ரோட்டில் பேனர் கட்டினார்கள். அடுத்தது தேசியப் போட்டி, ஜெயித்தால் போலீஸ் வேலை என்றார்கள். ஆனால் அவள் பிரிவில் எடைக்கு வரம்பு உண்டு. போட்டியன்று மிஷினில் ஏற்றிப் பார்த்து, கொஞ்சம் கூடியிருந்தாலும் படகில் ஏறவிட மாட்டார்கள்.

லீவுக்கு வந்தவள், "தூரம்" என்று சொல்லி மூன்று நாள் மாட்டுக் கொட்டாயில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். மாதவிலக்கானால் வெளியே உட்காரும் வழக்கம் அப்போது எங்கள் வீட்டில் உண்டு. தனித் தட்டு, தனிப் பாய், சோறு கொண்டுபோவது நான். முதல் நாளே தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"தின்னுட்டுக் கழுவி வெச்சிரு. எனக்கு ஒரு வருசமா அது வர்றதே இல்லடி. தெரிஞ்சா அம்மா திரும்ப அனுப்பாது."

அக்கா செத்துப்போவாளோ, அம்மா கண்டுபிடிப்பாளோ என்று பயந்து பயந்தே தின்றேன். அடுத்த மாதமும் அதே நாடகம். "பெரியவ படகு தள்ளுறா, சின்னவ சோத்தத் தள்ளுறா" என்று உப்பிய என் வயிற்றைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேலி செய்தாள்.

லீவு முடிவதற்குள் அக்காவுக்கு விலாவில் வலி வந்தது. தருமபுரியில் டாக்டரம்மா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். அக்கா வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் கரெக்டா வருதுங்க. இப்பக்கூட மூணு நாளு வெளிய ஒக்காந்து எந்திரிச்சாளுங்க."

அக்கா தரையைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். வலி மாத்திரையோடு திரும்பினோம்.

தேசியப் போட்டியில் அக்கா தங்கம் வாங்கினாள். அடுத்த மாதம், விழவில்லை, மோதவில்லை, சும்மா ஓடிக்கொண்டிருந்தபோதே இடுப்பெலும்பு உடைந்தது. சாப்பாடு குறைந்து, மாதவிலக்கும் நின்று, எலும்பெல்லாம் கிழவி எலும்பாகிவிட்டது என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கேதான் அக்கா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள், என் பேரை மட்டும் சொல்லவில்லை. படகும் போயிற்று, போலீஸ் வேலையும் போயிற்று. அவளைத் தூக்கவும் குளிப்பாட்டவும் ஆள் வேண்டுமென்று நானும் எட்டாவதோடு நின்றேன்.

"நாந்தான் அந்த டாக்டருகிட்ட வாயக் குடுத்துக் கெடுத்தேன்" என்று அம்மா வருஷக்கணக்கில் தலையில் அடித்துக்கொண்டாள். தெரிந்தே உன் சோற்றைத் தின்றது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன்.

"இப்பச் சொன்னா எலும்பு கூடிருமா? போடி."

இன்று அந்த மாட்டுக் கொட்டாய் இல்லை. அங்கே டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது யாரும் வெளியே உட்காருவதில்லை. ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும் அக்காவைப் படகுக்காரி என்று அடையாளம் சொல்பவரும் இல்லை. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும், தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையால்தான் மகள் முடமானாள் என்று அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை.