ஜெயித்தவன் தூக்கிய விரல்

புத்தேயோலியில் மீன் பிடிக்கத் தெரியாத ஒரே வலைக்காரன் தான்தான் என்று சிலோ சொல்லிக்கொள்வான். துறைமுக ஊர், தடுக்கி விழுந்தால் ஒரு மீனவன் மேல்தான் விழ வேண்டும். ஆனால் அரங்கத்தில் 'ரெத்தியாரியுஸ்' என்று கூவினால், வலையும் சூலமுமாக மணலில் இறங்கிச் சண்டை போடுகிற வலைக்காரன் அவன்தான். சலவைப்பட்டறைத் தொட்டியில் துணி மிதித்த அடிமை. அரங்கத்துக்கு ஆள் பழக்கும் வாள்கூடத்துக்கு விற்கப்பட்டு வந்த அன்றே வாத்தியார் அவன் கால்களைப் பார்த்துவிட்டார்.

"உனக்கு வலைதான்டா. வாள் பிடிக்கிறவன் நிக்கணும். நீ ஓடுறதுக்குன்னே பொறந்திருக்க."

வலைக்காரனுக்குத் தலைக்கவசம் கிடையாது. மற்றவர்கள் இரும்புக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு சாகலாம். அவன் ஊர் பார்க்கச் சாக வேண்டும். சிலோ அதையே பிழைக்கும் வழியாக்கிக்கொண்டான். பதினொரு மோதலில் எட்டுத் தோல்வி. மிச்ச மூன்றில் துரத்தியவனுக்கு மூச்சு வாங்கி, வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. தோற்கும்போதெல்லாம் முட்டி போட்டு, தோற்றேன் என்று விரலைத் தூக்கி, பால் கிடைக்காத கன்றுபோல முகத்தை வைத்துக்கொள்வான். ஜனம் சிரித்துத் துணியை வீசி, "விட்டுடு!" என்று கத்தும்.

"என் வலையில விழுந்தவனைவிட என் மூஞ்சில விழுந்தவன்தான் ஜாஸ்தி" என்பான்.

பன்னிரண்டாவது மோதலுக்குக் கூடத்து முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்தால் மரவாள். மரவாள் கைக்கு வந்தால் விடுதலை. துறைமுகத்தில் அவித்த கொண்டைக்கடலை விற்கும் மனைவி ஹெல்பிஸோடு தனிக்குடித்தனம். எதிரியாக வாய்த்தவன் கால்டுஸ். ஆறு வருஷம் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் பார்லிக்கஞ்சி குடித்தவன்.

"கிட்ட வந்தா குத்திடுவேன்டா" என்றான் கால்டுஸ், முகம் மூடும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே.

"கிட்ட வர்றதுக்கு நான் என்ன கிறுக்கனா?"

சொன்னபடியே சிலோ மூன்று சுற்று ஓடினான். "டேய், துணி காயப்போட வந்தியா?" என்று ஜனம் கத்தியது. வலையை வீசினான். அது வழக்கம்போல மணலில் விழுந்தது. கால்டுஸ் அதை மிதித்துக்கொண்டு பாய, சிலோ பயத்தில், வலையிலிருந்து தன் மணிக்கட்டுக்குக் கட்டியிருந்த கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். கால்டுஸ் மல்லாக்க விழுந்தான். அடுத்த நொடி சிலோவின் சூலம் நண்பனின் கழுத்தில் இருந்தது. அவனாலேயே நம்ப முடியவில்லை.

கால்டுஸ் விரலைத் தூக்கினான். ஆனால் வழவழவென்ற இரும்பையும் இரண்டு சின்னக் கண் ஓட்டைகளையும் பார்த்து யார் இரக்கப்படுவார்கள்? "குத்து! குத்து!" என்றது கூட்டம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய, விழா நடத்தும் பெரியவரும் அந்தப் பக்கமே சாய்வதுபோலத் தெரிந்தது. இரும்புக்குள் கால்டுஸ் அழுதுகொண்டிருந்தது சிலோவுக்கு மட்டும்தான் கேட்டது.

சிலோ சூலத்தை மணலில் வைத்தான். முட்டி போட்டான். விரலைத் தூக்கினான்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. நடுவர் பிரம்போடு ஓடி வந்தார்.

"டேய் மடையா, நீ ஜெயிச்சிருக்கடா! விரலை இறக்கு!"

"அப்படியா சாமி? பழக்கதோஷம். எப்பவாவது ஜெயிச்சாத்தானே தெரியும்!"

விரல் இறங்கவில்லை. பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இரண்டு பேரையும் போகச் சொல்லிக் கையசைத்தார். ஜெயித்தவன் யாருமில்லை. மரவாளும் இல்லை.

அன்று சாயங்காலம் ஹெல்பிஸ் கடலையோடு கூடத்துக்கு வந்தாள்.

"ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்குதுய்யா."

"சிரிக்கட்டும். எட்டுத் தடவை தூக்கின விரல், தானா எந்திரிச்சிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை.

"நான் மேல் வரிசையில உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். தானா தூக்குறவன் சூலத்தைக் கடாசிட்டுத் தூக்குவான். நீ அது அவன் மேல பட்டுடாம, பாத்துப் பாத்துக் கீழ வச்ச."

சிலோ கேலியை விட்டுவிட்டு அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"கோவமா?" என்றான்.

"ஆமா. ரொம்ப." முகத்தை முந்தியில் அழுத்தி வெகுநேரம் அழுதாள். பிறகு கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, அதை இரண்டாகப் பங்கு வைத்தாள்.

"கால்டுஸ் ஏதாவது சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.