பிரேக்கக்கா நின்ற இடம்

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களில் அவளுக்கு மட்டும் பட்டப்பெயர் உண்டு: பிரேக்கக்கா. மாடிக்கு ஏறும் சாய்தளத்தின் வளைவில் மற்றவர்கள் சட்டென்று திரும்பிவிடுவார்கள். அவள் மட்டும் நின்று, சுவரில் உயரே மாட்டியிருக்கும் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். "அக்கா சிக்னலுக்கு நிக்குது" என்று கேன்டீன்காரர்வரை கேலி செய்வார்கள்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் அதே கண்ணாடியில் ஓர் அழுக்குத்துணி வண்டி பொடிசாகத் தெரிந்தது. தூரத்தில்தானே வருகிறது என்று திரும்பினாள். மறுநொடி வண்டி மோதியது. ஸ்ட்ரெச்சரில் கால் முறிந்து படுத்திருந்தவர் போட்ட அலறல் வாரக்கணக்கில் அவளைத் தூங்கவிடவில்லை.

லாரி ஓட்டும் கணவனிடம் சொல்லி அழுதபோது, அவன் லாரியின் பக்கக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினான்.

"வெளிப்பக்கமா உப்பியிருக்கு பாரு, இது குவியாடி. மேல படுற வெளிச்சத்தை விரிச்சு அனுப்பும். அதனால எல்லாமே கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கற மாதிரி, நேரா, ஆனா சின்னதாத் தெரியும். சின்னதாத் தெரியறதாலதான் ரோடு பூரா உள்ள அடங்குது. கடை மூலையில, பார்க்கிங் திருப்பத்துல வைக்கறதும் இதுதான். ஆனா சின்னதா இருந்தா தூரத்துல இருக்குன்னு நம்ம புத்தி நினைச்சுக்கும். அங்கதான் ஏமாறுவோம்."

மறுநாளே துப்புரவு வேலை செய்யும் தோழியைச் சாய்தளத்தில் தூண் தூணாக நிறுத்தி, எந்தத் தூணருகே நின்றால் கண்ணாடியில் எவ்வளவு உயரம் தெரிகிறாள் என்று பார்த்துவைத்தாள். "என்னடி, என்னைப் பொண்ணு பாக்கறியா?" என்று தோழி அலுத்துக்கொண்டாள்.

ஒருநாள் முற்பகல், லிஃப்ட் பழுதாகிக் கிடந்த நேரத்தில், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரைக் கொண்டுவந்தார்கள். வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. ஆபரேஷன் தியேட்டர் இரண்டாவது மாடியில். பிரேக்கக்கா தள்ள, குளுக்கோஸ் பையைத் தூக்கிப் பிடித்தபடி இளம் டாக்டர் கூடவே ஓட, பின்னால் கொத்தனாரின் மனைவி ஓடிவந்தாள்.

வளைவை நெருங்கினார்கள். கண்ணாடியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டி ஒன்று, நகத்தளவு. அதற்குப் பின்னால் கைகளை நீட்டியபடி ஓடிவரும் ஆள். வண்டிக்கும் அந்தக் கைகளுக்கும் நடுவே இடைவெளி இருந்தது.

அவள் ஸ்ட்ரெச்சரைச் சுவரோடு ஒட்டிச் சக்கரப் பூட்டை மிதித்தாள்.

"ஏம்மா நின்னுட்டீங்க? பிரஷர் இறங்குது!"

"சிலிண்டர் வண்டி கைய விட்டுப் போச்சு, சார்."

"அது எங்கயோ மேல இருக்கு! தள்ளுங்க, போயிடலாம்!"

"போக முடியாது சார்!"

கொத்தனாரின் உதடு வெளுத்திருந்தது. தூண்களை வைத்துப் போட்ட தன் கணக்கு தப்பினால், வீணாகிற ஒவ்வொரு நொடியும் இந்த மனுஷனுடையது. டாக்டர் பூட்டைத் தட்டிவிடக் காலை நீட்டினார். அவள் தன் காலை எடுக்கவில்லை.

கண்ணாடியில் நகம் சட்டென்று உள்ளங்கையானது. அடுத்த கணம் வண்டி வளைவுச் சுவரில் முட்டிக் கவிழ்ந்தது. கட்டிடமே அதிர்ந்தது. மூன்று தப்படி முன்னால் போயிருந்தால் அவர்கள் அங்கேதான் இருந்திருப்பார்கள்.

டாக்டரின் கையிலிருந்த பை தாழ்ந்தது. "சார், பைய இறக்காதீங்க!" என்று அவள் கத்தியதும்தான் மறுபடி உயர்த்திப் பிடித்தார். வழியை அடைத்த சிலிண்டர்களை அவளும் கொத்தனாரின் மனைவியும் கையாலும் காலாலும் உருட்டி ஒதுக்கினார்கள். பிறகு ஒரே மூச்சில் தியேட்டர் வாசல். கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நின்ற நேரம் அதிகமோ என்ற கேள்வி பிரேக்கக்காவை விடவில்லை. வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"பிழைச்சுட்டார்" என்றார். அப்புறம் பிரேக்கக்காவின் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "நான் உங்களை அவசரப்படுத்தியிருக்கக் கூடாதும்மா."

கொத்தனாரின் மனைவி அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். எலும்பு வார்டிலிருந்து எக்ஸ்ரேவுக்கு ஒரு நோயாளியைத் தள்ளிப்போக ஆள் கேட்டுக் கூப்பிட்டார்கள். மெல்ல அவளை விலக்கிவிட்டு பிரேக்கக்கா எழுந்து போனாள்.